அட்டை ஏறாத ஊற்று

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குள் நடக்கிறவன் காலில் அட்டை ஏறவில்லை என்றால் அவன் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். ஆவணி மாத ஈரத்தில் இலைக்கு இலை அட்டை நிமிர்ந்து நின்று ஆளைத் தேடும். மலை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. நெல்லிமேட்டு எஸ்டேட்டில் இந்த விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், முப்பது வருஷக் கங்காணி மொக்கச்சாமி. அவரும் பதினோரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. அது என்ன சாமர்த்தியமோ, போங்கள்.

அன்று அவரைத் தேடி ஜீப்பில் வந்து இறங்கியவள் சூர்யகலா. கரையோர நகரங்கள் திட்டத்தில் களப்பணி பார்க்கிறவள். கடலோரம், ஏரிக்கரை, ஆற்றங்கரை என்று தண்ணீரை ஒட்டி வாழ்கிற பதினோரு ஊர்கள் சேர்ந்து ஒரு சபதம் எடுத்திருந்தன. ஊர் விடுகிற கரிப்புகையைக் கணக்குப் பார்த்துச் சைபருக்குக் கொண்டுவர வேண்டும். தன் தண்ணீரைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். கொட்டகுடி ஆற்றங்கரை ஊர் என்பதால் போடியும் அதில் சேர்ந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் ராப்பகலாக எரிகிற விறகை நிறுத்திச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவதற்காகச் சூர்யகலா ஒரு வருஷம் மலையேறி இறங்கியிருந்தாள். முதலில் மாறியது நெல்லிமேட்டு ஸ்டோர்தான். முதலாளி மாலை போட்டுப் படம் எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொண்டார். புகை முடிந்தது, இனிமேல் தண்ணீர்.

"தலைத்தண்ணி எதுன்னு காட்டுங்கண்ணே. வர்ற சனிக்கெழமை பதினோரு ஊருத் தண்ணியும் போடி ஆத்தங்கரைக்கு வருது. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து ஆத்துல விடப்போறோம். நம்ம ஊருக் குடம் ஆறு பொறக்குற எடத்துலருந்து வரணும்" என்றாள்.

"நாலஞ்சு ஓடை இருக்கு தாயி. கீழ ஒண்ணு நல்லா ஓடுது, அதையே எடுத்துக்கலாம்."

"அட்டைகாத்தா ஊத்துன்னு சொல்றாகளே, அதக் காட்டுங்க."

ஜீப்பை ஓட்டி வந்த முத்துப்பாண்டி சிரித்தான். அவன் மொக்கச்சாமியின் ஒரே மகளைக் கட்டியவன். "சரியான ஆளுகிட்டதாங்க்கா கேட்டீங்க. அந்தச் சாமிய மொதல்ல கண்டதே எங்க மாமாதான். அவரு சொல்லாம அங்க எல கூட அசையாது."

மொக்கச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். வேறு என்ன செய்வார்?

வழி நெடுகச் சில்வண்டு காதை அடைத்தது. சூர்யகலா பத்தடிக்கு ஒரு தரம் நின்று கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டாள். ஒரு பெரிய வாகை மரத்தைத் தாண்டியதும் சத்தம் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, பட்டென்று நின்றது. அதற்கு அப்பால் அவர்கள் காலடி பட்ட சருகுச் சத்தம் மட்டும்தான். ஏலச்செடிகள் ஆளுயரம் நின்றன. அடியில் சரம் சரமாகப் பூத்திருந்தன. ஒரு சரத்திலும் காய் இல்லை. பூவெல்லாம் பூத்தபடியே உதிர்ந்து, வாடாமல் வெள்ளையாகத் தரையில் கிடந்தது. தேனீ வந்து தொட்டால்தானே பூ காயாகும்.

"அட, ஒரு அட்ட கூட இல்ல!" என்று சூர்யகலா குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஊற்று ஒரு பாறையின் அடியிலிருந்து வந்தது. கண்ணாடி கெட்டது, அப்படித் தெளிவு. அடியில் கிடக்கிற மணலை எண்ணலாம். பாசி இல்லை, தவளை இல்லை, தண்ணீர்ப்பூச்சி இல்லை. ஒரு மரநாயின் கால்தடம் ஈரமண்ணில் கரை வரை வந்து, குடிக்காமல் அப்படியே திரும்பிப் போயிருந்தது. மேலே ஐந்தாறு அடி மேட்டில் தகரக் கூரைக்குக் கீழே மஞ்சள் பூசிய கல் ஒன்று, பக்கத்தில் சூலம், கொத்துக் கொத்தாக வளையல். யாரோ வெள்ளியில் இரண்டு கண் வாங்கி ஒட்டியிருந்தார்கள்.

சூர்யகலா தண்ணீர் சோதிக்கிற பெட்டியைத் திறந்து குழாய்களில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டாள். உப்பு சரி, புளிப்பு சரி. கிருமி பார்க்கிற குப்பியை வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு கிருமி கூட இல்லண்ணே! பதினோரு ஊர்லயும் இந்த மாதிரித் தண்ணி கெடையாது. குடத்துக்கு இதுதான். அடுத்த மாசம் உங்க லயத்து வீடுகளுக்கும் இங்கருந்தே குழா போட்டுருவோம்." சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். மொக்கச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த இடத்தில் பழைய கதையைச் சொல்லிவிடுவது நல்லது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பூச்சிமருந்துக்குத் தடை வந்தது. நெல்லிமேட்டு ஸ்டோரின் பின்பக்கம் அந்த மருந்து பதினாலு டிரம் கிடந்தது. சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் முதலாளி, "கண்ணுல படாமப் பண்ணிரு மொக்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, எங்கே போயிற்று என்று பிற்பாடு கேட்கவும் இல்லை. மொக்கச்சாமியும் ஜக்கையன் என்ற தொழிலாளியும் இரண்டு நாள் குழி வெட்டி ஊற்றுக்கு மேலே புதைத்தார்கள். ஏன் அங்கே? மண் மெத்தென்று வெட்ட வாகாக இருந்தது. யோசனை அவ்வளவுதான். மறு வருஷம் ஜக்கையன் காமாலையில் போய்ச் சேர்ந்தான். விஷயம் தெரிந்தவர் மலையில் மொக்கச்சாமி ஒருவரே ஆனார்.

யாராவது கிழங்கு தோண்ட வந்து டிரம்மைக் கிளப்பிவிடக் கூடாதே என்று ஒரு காரியம் செய்தார். குழி ஓரத்தில் ஒரு கல்லை நட்டார், மஞ்சள் பூசினார், சூலம் குத்தினார். "கனவுல வந்தா. கடும் துடியான அம்மன். எடத்தத் தோண்டுனா ரத்தம் கக்கிச் சாகணும்னு சொல்லிட்டா" என்று லயத்தில் வந்து நடுங்கிக் காட்டினார். சாமி இருக்கிறது என்றால் சனம் கிட்டே வராது என்பது அவர் கணக்கு. முப்பது வருஷம் ஆள் மேய்த்த மனுஷனுக்குச் சொந்த சனத்தைத் தெரியவில்லை பாருங்கள்! சாதுவான சாமி என்றால் நம்மவர்கள் போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ரத்தம் கக்க வைக்கிற சாமி என்றால் விடுவார்களா? தேங்காய் பழத்தோடு போய் நின்றார்கள்.

மூன்றாம் வருஷம் அந்தப் பக்கம் அட்டை அற்றுப்போனது. முதலில் கண்டுபிடித்தவள் லயத்தில் சாமியாடுகிற பெரியம்மாள். "ஆத்தா தன்னயத் தேடி வர்ற புள்ளைக ரத்தத்த உறிய விடமாட்டா" என்றாள். அட்டைகாத்தா என்று பேரும் வைத்தாள். அதற்குப் பிறகு குடங்கள் வர ஆரம்பித்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவர் மொக்கச்சாமி. சனம் அந்தச் சோற்றையே பிரசாதம் என்று கையேந்தி வாங்கித் தின்றது. கொடுக்கிற கையும் அவர் கைதான். சாமி கண்டவர் கையால் மூன்று கைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்று வழக்கமே வந்துவிட்டது. டிரம் கெட்டியான டிரம், மண் எல்லாவற்றையும் வடிகட்டும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தினமும் சொல்லிக்கொண்டார்.

லயத்தில் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போவது அடிக்கடி நடந்தது. நேர்த்திக்கடன் குறைந்துவிட்டது என்று பெண்கள் இன்னும் பக்தியாகக் குடித்தார்கள். அவர் மகள் பாண்டீஸ்வரிக்கு ஒன்று ஐந்தாம் மாதத்திலும் இன்னொன்று ஏழாம் மாதத்திலும் போயிற்று. இப்போது மூன்றாவது. ஆறு மாதம். இந்த முறை அவள் ஒரு மண்டலம் விரதம் எடுத்தாள். நாற்பத்தெட்டு நாளும் காலையில் வெறும் வயிற்றில் ஊற்றுத் தண்ணீர், அப்பா கையால்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆள் நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தார், சொல்லவில்லை. விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்தார். அவள் தன் கையைக் கீழே ஏந்தி ஒழுகியதையும் பிடித்துக் குடித்தாள். அன்றிலிருந்து நாற்பத்தேழு நாள் ஊற்றினார். நாற்பத்தெட்டாம் நாள் சனிக்கிழமை விழுந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் மகள் வீட்டுக்குப் போனார். பாண்டீஸ்வரி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னத்தா, ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லப்பா. ரெண்டு நாளா புள்ள அசைவு கொஞ்சம் கம்மியா இருக்கு. நாளையோட மண்டலம் முடியுதுல்ல, எல்லாம் சரியாப் போயிரும்."

அவர் அவள் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். "ஆத்தா, நாளைக்கு வேணாம். வெரசாக் கெளம்பி போடி ஆசுபத்திரிக்குப் போயிருவோம். அந்தத் தண்ணியில தோட்டத்து மருந்து கிருந்து கலந்திருந்தாலும் கலந்திருக்கும்."

"அந்தக்கா சோதிச்சுட்டு ஒரு கிருமி இல்லைன்னு சொல்லியிருக்காக. கடேசி நாள்ல வந்து நாக்குல சனிய வச்சுக்கிட்டுப் பேசாதீங்கப்பா" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரு நாளுதான். நாளைக்கு முடிச்சிட்டு நேரா ஆசுபத்திரிக்குப் போறேன். போதுமா?"

கலந்திருந்தாலும் கலந்திருக்குமாம்! அப்போதும் அந்த மனுஷனுக்கு முழு உண்மை வாயில் வரவில்லை.

அங்கிருந்து தனியாக ஊற்றுக்குப் போனார். வாகை மரத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மலை முழுக்கத் தவளை கத்தும். இங்கே இல்லை. கல்லுக்கு முன்னால் போய் நின்றவர் திடுக்கிட்டார். பாதையைப் பார்க்க அவர் நட்ட கல் அது. இப்போது பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக் கண் இரண்டும் குழியைப் பார்த்தன. எத்தனை நாளாக இப்படி? தினமும் வருகிறவர் இதை எப்படிக் கவனிக்காமல் போனார்? கிட்டே போய்ப் பார்த்தார். குழி மண் உள்வாங்கியிருந்தது. வட்ட வட்டமாகப் பதினாலு பள்ளம். சாரலில் கரைந்த மஞ்சள் கல்லடியிலிருந்து வழிந்து ஒவ்வொரு பள்ளமாகத் தேடிப் போய் நிறைந்துகொண்டிருந்தது.

மண் இறங்கியதால் கல் திரும்பியிருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் வச்ச கல்லுதானே நீ" என்று இன்னொரு தரம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது மழை நின்றிருந்தது. இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் கூட இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். அறுபது வயதில் அந்தச் சரிவில் ஓடினார்.

சனிக்கிழமை காலை ஊற்றடியில் நல்ல கூட்டம். லயத்துச் சனம் அத்தனையும் வந்திருந்தது. குடத்தை ஏற்றிப்போக முத்துப்பாண்டி ஜீப்பை ஊற்றுக்குக் கிட்டேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சூர்யகலா பித்தளைக் குடத்துக்குப் பூச்சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மொக்கச்சாமி முதலில் குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும், அப்புறம் மகளுக்கு மூன்று கை. பாண்டீஸ்வரி ஈரத்தலையோடு, மஞ்சள் சேலையில், புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் குடத்தை நிறைத்தார். அதைத் தூக்கும் நேரத்தில் பெரியம்மாள் உடம்பை முறுக்கி ஓங்காரமிட்டாள். வழக்கமாகக் குலவைக்குத்தான் அவளுக்கு அருள் வரும். இன்றைக்கு யாரும் குலவை போடவில்லை. தலைமுடி அவிழ, நேரே மொக்கச்சாமி முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அவரை அண்ணே என்றல்லாமல் வேறு மாதிரி கூப்பிட்டறியாதவள்.

"டேய் மொக்கச்சாமி! எனக்கு மூச்சு முட்டுதுடா. எம்மேல பாரம் கெடக்குடா. நீ வச்சத நீ எடுடா!"

"தகரக் கூரையச் சொல்றா ஆத்தா" என்று கூட்டத்தில் ஒருத்தி விளக்கம் சொன்னாள். போன மாதம்தான் முதலாளி கல்லுக்கு மேலே தகரம் போட்டுக் கொடுத்திருந்தார். "எடுத்துருவோம் தாயே, எடுத்துருவோம்!" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். பெரியம்மாள் வேரறுந்த மாதிரி கீழே உட்கார்ந்துவிட்டாள். மொக்கச்சாமி குடத்தைக் கீழே வைத்தார். இந்த மலையில் அவரைத் தவிர அது தெரிந்தவர் யாரும் இல்லையே. பெரியம்மாளுக்கு எப்படித் தெரிந்தது? அவளுக்குத் தெரியாது என்றால் பேசியது யார்?

"அப்பா, ஊத்துங்க" என்று பாண்டீஸ்வரி கையை ஏந்தினாள்.

அப்போதுதான் உடைந்தார். "வேணாத்தா. இது சாமி இல்ல. நாந்தான் கல்ல நட்டேன். இதுக்குக் கீழ பதினாலு டிரம்மு மருந்து கெடக்கு. நானும் ஜக்கையனும் பொதச்சோம். தண்ணி பூரா வெசம். யாரும் குடிக்காதீங்க!"

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். "கங்காணிக்கு ராத்திரி போட்டது எறங்கல போல" என்றார். முத்துப்பாண்டி கோபத்தில் முன்னால் வந்தான். "மாமா, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? உங்களுக்கு என்ன கிறுக்கா?" சூர்யகலா மட்டும் முகம் மாறிக் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "கிருமிதான் நான் பார்த்தேன். பூச்சிமருந்து இதுல தெரியாது. அதுக்கு மதுரைக்கு அனுப்பணும்" என்று முணுமுணுத்தாள். அவள் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

பாண்டீஸ்வரி அழ ஆரம்பித்தாள். "எம்புள்ளைக்காகத்தான் ஆத்தாகிட்ட வந்து நிக்கிறேன். கடேசி நாள்ல அவ மேல பழி போட்டுட்டீங்களேப்பா. அவ கோவம் எம் வயித்துல வந்து விடியும். மொதல்ல நீங்க மூணு கை குடிச்சு மன்னாப்புக் கேளுங்க. அப்புறம் எனக்கு ஊத்துங்க." சொல்லிக்கொண்டே பித்தளைக் குடத்தைச் சரித்து அவர் கையில் தண்ணீரை ஊற்றினாள்.

மொக்கச்சாமி குவிந்த கையைப் பார்த்தார். எத்தனை பேருக்கு ஊற்றின கை. ஆனால் இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை அவர் நாக்கு தொட்டதில்லை. வாய் வரை கொண்டுபோனார். உதடு ஒட்டிக்கொண்டது. தான் குடித்தால் மகளும் குடிப்பாள் என்பதற்காகத்தான் நிறுத்தினார் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். அது பொய். அவர் பயந்தார், செத்துப்போவோமோ என்று பயந்தார். கையை இறக்கும்போது தண்ணீர் தெறித்து மீசையில் பட்டது. பதறிப்போய்த் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்தார், இன்னொரு தரம் துடைத்தார், எச்சிலைக் காறித் துப்பினார், நாக்கை நீட்டி அதையும் துடைத்தார்.

கூட்டம் அதைப் பார்த்தது. வாயால் சொன்னபோது நம்பாதவர்கள் அந்தத் துண்டைப் பார்த்து நம்பினார்கள். இடுப்பில் குடம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குடத்தைக் கீழே இறக்கினார்கள்.

பாண்டீஸ்வரியின் அழுகை நின்றுபோயிருந்தது. "எனக்கு ஊத்துனீங்களே" என்றாள். சத்தமே இல்லை. "நாப்பத்தேழு நாளு எனக்கு ஊத்துனீங்களேப்பா."

அவர் கையில் இருந்த துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"முன்னாடி ரெண்டும் போனப்பவும் தெரியுமா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் ஏலச்செடிகளுக்கு நடுவே நாலு எட்டு நடந்து போய் மண்டியிட்டாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையின் இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். வெறும் வயிறு, ஒன்றும் வரவில்லை. மறுபடியும் விட்டாள். ஓங்கரிக்கிற சத்தம் அந்தச் சத்தமில்லாத இடம் முழுக்கக் கேட்டது. சின்ன வயதில் அவள் வாந்தி எடுக்கும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறவர் மொக்கச்சாமிதான். ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள்.

முத்துப்பாண்டி அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். இரண்டு பெண்கள் கூடவே ஏறினார்கள். சூர்யகலா செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடி, போடிக்குக் கூப்பிட்டு, "விழாவ நிறுத்துங்க, ஆத்துத் தண்ணிய ஊருக்குள்ள ஏத்துறத மொதல்ல நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். மொக்கச்சாமி ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்தார். மருமகன் வண்டியை நிறுத்தவில்லை. சரிவில் வண்டி இறங்குகிற சத்தம் வாகை மரம் வரைதான் கேட்டது.

மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போனார்கள். அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பிள்ளை அசைவு தெரிந்ததா என்று யாரிடம் கேட்பது, எந்த வாயால் கேட்பது என்று தெரியவில்லை.

பெரியம்மாள் மட்டும் போகவில்லை. அருள் இறங்கி, முடியை முடிந்துகொண்டு, தள்ளாடி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு நினைவில்லை.

"அண்ணே, எம் மருமகளுக்கும் நீங்கதானே ஊத்துனீங்க?"

"ஆமா தாயி."

"எம் மவளுக்கு?"

"ஆமா."

அவள் எழுந்து போகவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.